நாற்பது தொப்பிகள்

கயல் என்னிடம் கேட்டது நான்கு பக்கம். அவள் நாடகக்காரி. மதுரையிலிருந்து வந்து, எங்களைப் போன்ற மில் பெண்களின் கதையை நாடகமாகப் போட்டவள். நாடகம் நடக்கும் ஊர்களில் விற்க ஒரு சின்னப் புத்தகமும் போடுகிறார்களாம். "மில்லுல உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கம்மா. நீங்க பேசற மாதிரியே எழுதினாப் போதும்" என்றாள். கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேசுகிற மாதிரி எழுதினால் நாற்பது பக்கம் வரும், அதில் பாதி வசவாக இருக்கும். அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாடகத்தில் ஒரு காட்சி நடக்காதது. மில் பெண் ஒருத்தி, அழகு பார்க்கும் ஆசையில் தலைத்தொப்பியைக் கழற்றுவாள். கூந்தல் மிஷினில் சிக்கிவிடும். கூந்தல் சிக்கியது உண்மை. அவள் தொப்பியைக் கழற்றியது உண்மை இல்லை. கயலுக்கு அந்தக் கதையைக் கொடுத்தது நான்தான். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அது எப்படி என்று விளங்க, மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் போன வருஷமே மில்லில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது ரிங் பிரேம். நீளமான மிஷின், இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில், நூல் சுற்றும் கதிர்கள் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்ட வேண்டும். ஒரு ஷிப்டில் நடக்கிற நடையைச் சேர்த்து வைத்தால் எட்டயபுரத்துக்கே போய்விடலாம், பஸ் காசு மிச்சம் என்று கேலி பேசிக்கொள்வோம். காது மந்தமாகும், மூக்கில் பஞ்சு அடையும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடும்போது என் குரல் எனக்கே கேட்காமல் கத்துவேன். போதகர் ஐயா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பழகப் பத்து நாள் ஆகும் என்றார்கள், மூன்று மாதம் ஆயிற்று. அதற்குமேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா நாளும் ஒரே நாள்தான்.

சூப்பர்வைசர் ஆக்கி நீலக் கோட்டு கொடுத்தார்கள். அதுவரை "ஜெபமணியக்கா" என்ற பிள்ளைகள் "மேடம்" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு தரையில் உட்காராமல், ஆபீஸ் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன். நாடகத்தில் தொழிலாளி ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம் என்று மேடையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அங்கே இடமே இல்லை.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஸ்பின்னிங் மாஸ்டர். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு. அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டார். "என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க?" என்று கேட்பார். நாம் ஒன்று சொல்லுவோம். அவர் மனசில் இருப்பது அதுவாக இல்லையென்றால், அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பார். மூன்றாவது தடவை நம் வாயிலிருந்தே சரியானது வந்துவிடும். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விடுவார். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. என்னிடம் யோசனை கேட்கிறாரே என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

இப்போது தொப்பி. மில்லில் பெண்கள் தலைமுடியை மூடிக் கட்டாமல் மிஷின் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். சுவரிலும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கொடுத்த தொப்பிகள் எல்லாம் நாடா இற்று, இலாஸ்டிக் போய், இரண்டு வருஷத்துக்கு முன்பே குப்பைக்குப் போயிருந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய துண்டைக் கொண்டுவந்து தலையை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அசிங்கமாக இருந்தாலும் பாதுகாப்புக்குக் குறைவில்லை.

இதைத் தவிர நாற்பது புதுத் தொப்பிகள் இருந்தன. வானநீல நிறம், நல்ல இலாஸ்டிக். மாஸ்டர் அறை பீரோவில் அட்டைப்பெட்டியில் இருக்கும். எங்கள் நூலில் நெய்த துணியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்க்க வரும் நாளில் மட்டும் வெளியே எடுப்போம். அன்று யாரும் துண்டு கொண்டுவரக் கூடாது, பார்க்க நன்றாக இருக்காது என்று முந்தின நாளே சொல்லிவிடுவோம். காலையில் ஆளுக்கு ஒன்று எண்ணிக் கொடுப்பேன். வந்தவர்கள் போனதும் எண்ணி வாங்குவேன். பிறகு என் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். நாற்பது தொப்பியும் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "என்ன ஜெபமணி, பள்ளிக்கூடம் தொறந்திருக்கியளா?" என்று கேட்பாள்.

வழக்கமாக, வந்தவர்கள் சாயங்காலம்தான் கிளம்புவார்கள். தொப்பி வாங்கும்போது ஷிப்டும் முடிந்திருக்கும். நான் சூப்பர்வைசரான இரண்டாம் வருஷம், ஒரு தடவை வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கே புறப்பட்டுவிட்டார்கள். ஷிப்டு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரமும் ஒரு குழு வராங்க. தொப்பியெல்லாம் வியர்வையில கறையாயிடும். என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க?"

"ஷிப்டு முடிஞ்சதும் உடனே துவைச்சிருதேன் சார்."

"அதுக்குள்ள எண்ணெயும் படுமில்லீங்களா?"

"அப்போ இப்பவே வாங்கிரட்டுமா சார்?"

"உங்க இஷ்டம்" என்றார்.

அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மிஷின் மிஷினாகப் போனேன். ஓடுகிற மிஷினை விட்டுவிட்டு வர முடியாது, அதனால் நானே போய் வாங்கினேன். அன்று யாரிடமும் துண்டு கிடையாது. கொண்டுவரக் கூடாது என்று சொன்னவளும் நானே. பெட்டியோடு கிளம்பும்போது அது என் புத்தியில் தட்டவே இல்லை. தொப்பி எண்ணிக்கை குறையக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. கடைசியாக ஏழாம் நம்பர் மிஷினில் வாங்கினேன். அங்கே நின்றவள் முப்பிடாதி. எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம், கரிசலில் நாலு குறுக்கம் நிலம் வைத்து வானம் பார்த்து விதைக்கிற குடும்பம். இருபத்தொரு வயசு. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைச் சடை.

ஷிப்டு முடிவதற்குமுன் மிஷினுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சைக் கூட்டி எடுக்க வேண்டும். குனிந்தாள். சடை தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது. ஓடுகிற தண்டு அதைப் பிடித்துக்கொண்டது. யாரோ மிஷினை நிறுத்தினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. மீதியை நான் எழுதப்போவதில்லை. நாடகத்தில் அதற்குச் சிவப்பு விளக்குப் போட்டார்கள். அது போதும்.

உயிர் தப்பிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உட்காருங்க ஜெபமணி" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. நாற்காலி மெத்தென்று இருந்தது. அந்த நேரத்திலும் அது எனக்குத் தெரிந்தது, அதுதான் வெட்கம். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. நான் எழுத வேண்டிய வாக்குமூலம்.

"நேத்துக் காலையில எல்லாருக்கும் தொப்பி குடுத்தமா இல்லீங்களா?"

"குடுத்தோம் சார்."

"அந்தப் பொண்ணுக்கும்?"

"ஆமா சார்."

"விபத்து நடந்தப்ப அவ தலையில தொப்பி இருந்துச்சுங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

"இல்ல சார். அது வந்து, நான்தான்..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க போதும். இருந்துச்சுங்களா?"

"இல்ல சார்."

"அதை எழுதுங்க. பொய் ஒண்ணும் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்க."

எழுதினேன். "காலையில் தொழிலாளி முப்பிடாதிக்குத் தலைத்தொப்பி வழங்கப்பட்டது. அவர் அதை அணிந்து வேலை செய்தார். விபத்து நடந்தபோது அவர் தலையில் தொப்பி இல்லை." மூன்று வரி. கீழே கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, ஒரு வரியை விட்டால் போதுமாக இருந்தது. வீட்டில் என் வீட்டுக்காரர் வேலை இல்லாமல் இருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் அவர்களை நினைக்கவில்லை. நீலக் கோட்டைத்தான் நினைத்தேன்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. தொப்பியை நான் திருப்பி வாங்கியது தெரிந்த மற்ற பிள்ளைகளை யாரும் விசாரிக்கவில்லை, வேலை போய்விடும் என்று அவர்களும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து முப்பிடாதியின் அம்மா கேட்டில் வந்து நின்று கத்தினாள். எங்களைத் திட்டப்போகிறாள் என்று நான் உள்ளே ஒதுங்கி நின்றேன். அவள் எங்களைத் திட்டவில்லை. "எவனுக்குக் காட்டணும்னு தொப்பியக் கழட்டுனா? ஏ பாவி மகளே, அழகு பாக்கவா ஒன்னைய வேலைக்கு அனுப்புனேன்" என்று பெற்ற மகளைத் திட்டித் திட்டி மாரில் அடித்துக்கொண்டாள். அப்போதாவது நான் வெளியே வந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போனேன், வார்டு வாசல்வரைக்கும். அங்கிருந்தே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் தினமும் போடத் தொப்பி வந்தது. மாஸ்டர் வேறு மில்லுக்குப் போனார். போகும்போது என்னிடம், "நல்லா வேலை பார்க்கறீங்க" என்றார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த ஏழாம் நம்பர் மிஷினைத் தாண்டித்தான் தினமும் நடந்தேன்.

கயல் போனில் பதிவு செய்துகொண்டே என்னிடம் கேட்டபோது, அந்த விபத்தையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, முழுதாகச் சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் தொப்பி கொடுத்தோம், போட்டிருந்தாள், அடிபடும்போது தொப்பி இல்லை. அதே மூன்று வரி. வாக்குமூலம் எழுதிய கை இருக்கிறதே, அது வாயையும் பழக்கிவிட்டது. நடுவில் இருந்த பள்ளத்தைக் கயல் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே மிஷின் ஆனார்கள். வாயாலேயே மிஷின் சத்தம் போட்டார்கள். கண்ணை மூடினால் ஷிப்டில் நிற்பதுபோல் எனக்குக் கால் வலித்தது. மாஸ்டராக வந்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு கத்து கத்தென்று கத்தினான். ஹாலே கைதட்டிச் சிரித்தது. வில்லன் கத்தினால் பார்க்கிறவர்களுக்குச் சுலபம். எங்களுக்கு வாய்த்தவர் கத்தவே இல்லையே.

பிறகு அந்தக் காட்சி. பெண் வேடம் போட்ட பிள்ளை, மிஷினின் பளபளக்கும் தகட்டில் தன் முகத்தைப் பார்க்கிறாள். மெல்லத் தொப்பியைக் கழற்றிச் சடையை முன்னால் போடுகிறாள். "எங்களுக்கு அழகு பார்க்க உரிமை இல்லையா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நான் எனக்காக இருக்கக் கூடாதா?" என்று பேசுகிறாள். ஹாலில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு இரண்டு வரிசை முன்னால், சேலைத் தலைப்பைக் காதோடு இறுக்கி முக்காடு போட்ட ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த முக்காடு போதும், அவள் யாரென்று தெரிந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் கயல் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து போனேன், கர்த்தர் சாட்சி. மைக்கைப் பிடித்து, "நாடகம் ரொம்ப நல்லா இருந்துச்சு. பிள்ளைக ரொம்பக் கஷ்டப்பட்டு நடிச்சிருக்காவ" என்றேன். கைதட்டினார்கள். இறங்கி வந்துவிட்டேன்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் முப்பிடாதி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இப்போது நாற்பது வயசு. முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முகத்தில் ஒரு பக்கம் இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேடு துணி தைக்கிற இடத்தில் பிசிறு வெட்டுகிற வேலை பார்க்கிறாளாம். கூட வேலை பார்க்கிறவள் மில் நாடகம் என்று சொல்ல, பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? என்னையத் தெரியுதா?"

"தெரியுது முப்பிடாதி."

"நீங்கதான் என் கதைய அந்தப் பிள்ளைக்குச் சொன்னீங்களாம்லா? உங்களுக்குப் புண்ணியமாப் போவும்க்கா." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டது வரைக்கும்தான் ஞாபகம். அதுக்கப்புறம் கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. தொப்பிய நான்தான் கழட்டுனேன்னு எல்லாரும் சொன்னாவ. ஏன் கழட்டுனேன், ஏன் கழட்டுனேன்னு இத்தன வருசமா யோசிக்கேன், பிடிபடவே மாட்டேங்குது. எங்கம்மை வீட்ல இருந்த கண்ணாடியத் தூக்கிப் போட்டு உடைச்சிட்டா. சாகுற வரைக்கும் வீட்டுக்குள்ள கண்ணாடி வாங்க விடல. இன்னைக்கு அந்தப் பிள்ளை மேடையில பேசுச்சுல்லா, அழகு பாக்க ஆசப்படக் கூடாதான்னு? அதக் கேக்கவும் மனசு ஆறிப்போச்சுக்கா. சின்னப் பிள்ளைதான, ஆசப்பட்டிருப்பேன். தப்பில்லன்னு தோணுது."

சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஆறுதலோடு அவள் ஊருக்குப் போயிருப்பாள். அப்படி விட்டுவிடு என்றுதான் ஒரு மனசு சொன்னது. இத்தனை வருஷம் எனக்கு நல்ல புத்தி சொன்ன அதே மனசு. அதன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

"நீ கழட்டல முப்பிடாதி" என்றேன். "அன்னைக்கு ஆளுக வந்துட்டுப் போனதும் தொப்பி எல்லாத்தையும் நான்தான் திருப்பி வாங்குனேன். அழுக்காகிரும்னு. உன் தலையிலயும் நான்தான் வாங்குனேன். எழுதிக் குடுக்கும்போது அத விட்டுட்டேன்."

அவள் என் கையை விடவில்லை. பிடித்திருப்பதையே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"நான் கழட்டலயா?"

"இல்ல."

"நான் அழகு பாக்கலயா?"

"இல்லம்மா."

"எங்கம்மை அதையே சொல்லிச் சொல்லிச் செத்தாளே" என்றாள். பிறகுதான் கையை விட்டாள். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். அதுவரை "நீங்க" என்றவள், "அன்னைக்கு எழுதுன மாதிரியே இதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு நீ" என்றாள். "எந்தம்பி வாசிப்பான். அவனும் நான்தான்னு நெனச்சிக்கிட்டிருக்கான்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்புகிறவரை நான் அங்கேயே நின்றேன், அவள் திரும்பவில்லை.

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் காட்சியிலதான்மா எல்லாரும் அழறாங்க" என்றாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது போலும், "மாத்திடலாம்" என்றாள். அடுத்து தூத்துக்குடியில் போடுகிறார்கள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தரவேண்டிய நாலு பக்கம் இதுதான். கடைசியில் இருப்பது முப்பிடாதிக்கு. தனித்தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் தம்பி கையில் கொடுத்துவிட்டேன். அவளிடம் நேரில் சொல்ல முடியாமல் போன ஒன்றும் அதில் இருக்கிறது.

"காலையில் தொழிலாளி முப்பிடாதிக்குத் தலைத்தொப்பி வழங்கப்பட்டது. அவர் அதை அணிந்து வேலை செய்தார். பார்வையாளர்கள் சென்ற பிறகு, சூப்பர்வைசர் ஜெபமணியாகிய நான் அதை அவரிடம் திருப்பிக் கேட்டேன். 'ஷிப்டு முடியுற வரைக்கும் இருக்கட்டுமேக்கா, துண்டுகூட இல்ல, குனிஞ்சா சடை முன்னால விழுது' என்று அவர் சொன்னார். நான் அவர் தலையிலிருந்து தொப்பியை என் கையாலேயே எடுத்து, நாற்பது என்று எண்ணிப் பெட்டியில் போட்டேன்."